முதல் இலை

குருபூசை நாளும் அதுவுமாக மடத்தின் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டவர் நீரஜாவின் அண்ணன் குருபிரசாத். போட்டதோடு விடாமல், என்னவோ கோட்டையைப் பிடித்துவிட்டவர் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றார். அதைப் பார்த்ததுமே நீரஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முடிஞ்சுது நீரு. இனிமே ஒரு ஈ காக்கா உள்ள நுழைய முடியாது."

"ரொம்பப் பெருமைதான். சாமி சமாதிலேருந்து எழுந்து வந்து உனக்கு மாலை போடுவாரு, கழுத்தை நீட்டிக்கிட்டு நில்லு."

"மூடணும்னு நீயும்தானே சொன்னே?"

"நான் எங்க சொன்னேன்? வக்கீல் சொன்னாரு. நான் தலையை ஆட்டினேன். வேற வழி வச்சீங்களா நீங்க ரெண்டு பேரும்?"

ரெண்டு பேர் என்று அவள் சொன்னது அண்ணனையும், பெரியப்பா மகன் சுந்தரராமனையும். சுந்தரராமன் அப்போது தூணோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல் விசிறிக்கொண்டிருந்தார்.

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது வெறுங்கைச் சாமி மடம். சாமி தன் ஆயுசில் எதையும் கையில் வைத்துக்கொண்டதில்லை. யாராவது காசு கொடுத்தால் அதை அரிசியாக்கி அடுத்தவர் வயிற்றில் போட்டுவிட்டு மறு வேலை பார்ப்பார். அதனால் அந்தப் பேர். அவர் போன பிறகு பக்தர்கள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. சமாதி மேல் ஒரு சன்னிதி, முன்னால் கூடம், பின்னால் ஒரு கட்டு, தெருப்பக்கம் வாடகைக்குக் கடைகள் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். பேர்தான் வெறுங்கை. இருக்கிற இடம் மயிலாப்பூர், நிலமோ கிரவுண்டு கணக்கில். யார் கண்ணைத்தான் உறுத்தாது? சாமியின் முதல் சீடருடைய வாரிசுகள் நீரஜா வீட்டார். அவள் பிறந்ததே அந்தப் பின்கட்டில்தான். கல்யாணமாகிக் கோபாலபுரம் போகிற வரைக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் முகம் கழுவினாள்.

சாமி வைத்துவிட்டுப் போன சட்டம் ஒன்றே ஒன்று. குருபூசை அன்று முதல் இலை, பேர் தெரியாத ஆளுக்கு. அந்தக் கூடத்தில் இருக்கிற ஒருவருக்கும் பேர் தெரியாத ஒரு மனிதர் வந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் சோற்றில் கை வைக்கலாம். அவர் கை கழுவுகிற வரை பேர் கேட்கக்கூடாது. "பேரைக் கேட்டா ஊரைக் கேக்கத் தோணும், ஊரைக் கேட்டா சாதியைக் கேக்கத் தோணும், அதுக்குள்ள சோறு ஆறிடும்" என்று சாமி சொன்னதாகக் கூடத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. வக்கீலின் யோசனைப்படி நேற்றுதான் குருபிரசாத் அதன்மேல் ஒரு பெரிய காலண்டரை மாட்டியிருந்தார்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்றால், அண்ணன் தம்பிகள் மூட்டிய தீ. முந்தின குருபூசையில் கற்பூரத் தட்டை யார் பிடிப்பது என்று குருபிரசாத்துக்கும் சுந்தரராமனுக்கும் சமாதிக்கு முன்னாலேயே தள்ளுமுள்ளு. இரண்டு பேருக்கும் அறுபதைத் தாண்டிய வயது! சுந்தரராமன் ரோஷத்தோடு வீட்டுக்குப் போய், மடத்தில் உண்டியல் வைத்து வசூல் நடக்கிறது, கணக்கு வழக்கில்லை, அரசாங்கம் தலையிட வேண்டும் என்று மனு எழுதிப் போட்டுவிட்டார். இரண்டு வாரத்தில் கோபம் ஆறி, தீபாவளிக்கு இனிப்பும் எடுத்துக்கொண்டு வந்தார். ஆனால் தூங்கிக்கொண்டிருந்த அரசாங்கத்தைத் தட்டி எழுப்பியாகிவிட்டதே, அது திரும்பப் படுக்குமா? மடத்தின் நிர்வாகத்தை ஏன் கோயில்களைக் கவனிக்கிற துறை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்தது.

நீரஜா அடையாறில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். வருஷா வருஷம் அதே பாடத்தை அதே கரும்பலகைக்கு முன்னால் நின்று நடத்தியிருக்கிறாள். இங்கிலாந்தில் ஒரு ராஜா, மடாலயங்களை ஒவ்வொன்றாகக் கலைத்தது. முதலில் ராஜாவின் ஆட்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார்கள். பிறகு மணிகளை இறக்கி உருக்கினார்கள், கூரையிலிருந்த ஈயத்தைப் பெயர்த்தார்கள். பிரான்சில் புரட்சி வந்ததும் திருச்சபைச் சொத்து தேசத்தின் சொத்து என்றார்கள். எடுத்துக்கொண்டவர்கள் யாரும் எடுத்துக்கொள்கிறோம் என்று வாயால் சொன்னதில்லை. சீர்திருத்துகிறோம் என்பார்கள், ஒழுங்குபடுத்துகிறோம் என்பார்கள். இன்னொன்றையும் அவள் சொல்லாமல் விட்டதில்லை. எந்த ஊரிலும் ராஜாவின் ஆட்களுக்கு உள்ளே இருந்தே யாராவது கதவைத் திறந்துவிட்டிருப்பார்கள், ஒரு துறவிக்கு இன்னொரு துறவி மேல் இருந்த காய்ச்சலில். வகுப்புப் பெண்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டு பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினார்கள். இவள் வீட்டு ஆண்களுக்குத்தான் ஒரு எழுத்தும் ஏறவில்லை.

தி.நகர் வக்கீல் தங்கவேல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். "அம்மா, கேள்வி ஒண்ணுதான். இது பொது இடமா, உங்க வீட்டு இடமா? ஊர் ஜனம் உரிமையோட உள்ள வந்து கும்பிட்டு சாப்பிட்டுப் போனா பொது. அப்ப அரசாங்கம் வரலாம். உங்க சொந்தக்காரங்க மட்டும் வந்து போற இடம்னா வர முடியாது. குருபூசை அன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாங்க. அன்னிக்கு ஒரு நாள் வெளியாள் யாரும் இருக்கக்கூடாது."

கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. 'அன்னதானம், அனைவரும் வருக' என்ற பலகையைக் கழற்றினார்கள். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பல்லை இளித்தது. உண்டியலைப் போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றினார்கள். இந்த ஏற்பாடு மடத்தைக் காப்பாற்றிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள், நீரஜாவும் சேர்த்துத்தான். ஒரே ஒரு நாள் சாமி கண்ணை மூடிக்கொண்டால் போதும், அடுத்த வருஷம் இரட்டிப்பாகச் செய்துவிடலாம் என்று அவளும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். மடம் போய்விட்டால் பின்கட்டுக் கதவுக்கு வேறு யாரோ பூட்டுப் போடுவார்களே என்றுதான் அவள் வக்கீலிடம் தலையை ஆட்டியிருந்தாள்.

பூசை முடிந்தது. உச்சிவேளை தாண்டியது. வரிசையாக இலை போட்டாயிற்று. முதல் இலையில் சோறும் பருப்பும் இரண்டு பொரியலும் வடையும் பாயசமும் பரிமாறியாயிற்று. எல்லோரும் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அந்தப் புத்திசாலிக் கூட்டத்துக்கு உறைத்தது. கதவை மூடியாயிற்று. பேர் தெரியாத ஆள் எங்கிருந்து குதிப்பான்?

"ஏன் அண்ணா, இதை யோசிக்கவே இல்லையா நீ?"

"உனக்கும் தோணலையே! காலேஜ்ல பாடம் எடுக்கறவ நீ."

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வெளியே பெண்டுகள் குரலும் பிள்ளைகள் அழுகையும் கேட்டன. மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட புழுதியில், வெயிலில், வருஷா வருஷம் வருகிற ஜனம் மூடின கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. உள்ளே சொந்தக்காரர்களின் வயிறு கடமுடா என்றது. யாராவது ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் ஒருத்தரும் கை வைக்கவில்லை. தாத்தன் காலத்திலிருந்து ஊறிப்போனது, அத்தனை லேசில் போய்விடுமா?

சுந்தரராமனுக்கு ஒரு யோசனை வந்தது. "நம்ம மதுவந்தி வீட்டுக்காரரை உட்கார வைக்கலாம். புது மாப்பிள்ளைதானே, யாருக்கும் பேர் சரியாத் தெரியாது." அந்தப் பையனும் பசி தாங்காமல் சட்டென்று எழுந்தான். "வாங்க ஷ்ரவண், உட்காருங்க" என்று அன்பாக அழைத்தாள் ஒரு சித்தி. அவ்வளவுதான். பையன் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டான். பத்திரிகையில் தங்க எழுத்தில் பேர் போட்டு ஊர் முழுக்கக் கொடுத்த மாப்பிள்ளைக்குப் பேர் தெரியாதாம்! நீரஜாவுக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

வாசல் கதவு தடதடவென்று அதிர்ந்தது. கபாலியின் குரல். குளத்தங்கரை ஆட்டோ ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவன், குருபூசை பந்தியில் சாம்பார் வாளி தூக்குவது அவன் பொறுப்பு.

"இன்னா நைனா, கதவ சாத்திக்கினு இன்னா பண்ணிக்கினு கீறீங்க? ஜனம் வெயில்ல காஞ்சிக்கினு கீது! உள்ள யாருக்கும் ஒடம்பு கிடம்பு செரியில்லயா?"

"பேசாம இருங்க, யாரும் பதில் சொல்லாதீங்க" என்று கிசுகிசுத்தார் குருபிரசாத்.

அந்த நேரம் பார்த்துத்தான் பின்கட்டு வழியாக வக்கீல் தங்கவேல் அந்த அதிகாரியை அழைத்துக்கொண்டு வந்தார். சின்னப் பெண். ஒரு கையில் ஹெல்மெட், தோளில் பை, கழுத்தில் திருப்பிப் போட்ட அடையாள அட்டை. கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். வக்கீல் மனப்பாடம் செய்துவைத்ததை ஒப்பித்தார்.

"பார்த்தீங்க இல்ல மேடம், எல்லாம் குடும்பத்து ஆளுங்க. இவங்க தாத்தாவுக்குச் செய்யற மாதிரி ஒரு சடங்கு. வெளியாளுக்கு இங்க வேலையே இல்லை."

"வெளியில கூட்டம் நிக்குதே சார்?"

"அது மெட்ரோ கூட்டம் மேடம். வழி மாத்தி விட்டிருக்காங்க."

அந்தப் பெண் வாயோரம் லேசாகச் சிரித்துக்கொண்டாள். "சரி. நான் பார்த்துட்டுக் கிளம்பறேன். முறைப்படி சொல்லிடறேன், என் பேரு..." என்று அட்டையைத் திருப்பப் போனாள்.

"சொல்லாதீங்க!"

கத்தியது சுந்தரராமன். நாற்காலியிலிருந்து அவர் எப்படி எழுந்தார், எப்படிப் பாய்ந்தார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு கையாலும் அந்த அட்டையைப் பொத்திக்கொண்டார். "சொல்லிடாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!" என்று குருபிரசாத் கும்பிட்டார். சித்திகள், அத்தைகள், மாப்பிள்ளை, குழந்தைகள் என்று கூடம் முழுக்கக் கோரஸாகக் கத்தியது. நீரஜாவும் கத்தினாள். அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அதிகாரி மிரண்டு போனாள். "ஏன்? என்ன ஆச்சு?"

கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். முதல் இலை, பேர் தெரியாத ஆள், சாமி போட்ட சட்டம், எல்லாம். சித்தி காலண்டரைத் தூக்கிப் பிடித்துச் சுவரில் எழுதியிருந்ததை வாசித்தே காட்டினாள். வக்கீல் தங்கவேல் நெற்றியில் கை வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்தார்.

"அப்போ ஒவ்வொரு வருஷமும் வெளியாள் ஒருத்தர் கட்டாயம் வேணுமா?" என்றாள் அந்தப் பெண்.

"கட்டாயம்!" என்றார் குருபிரசாத்.

"ஒரு வருஷம் யாருமே வரலைன்னா?"

"அது எப்படிம்மா வராம போவாங்க?" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார் அண்ணன். "எங்க கொள்ளுத் தாத்தா காலத்துலேருந்து இந்தக் கதவை நாங்க மூடினதே கிடையாதே!"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் திரும்பிக் கதவைப் பார்த்தார். தாழ்ப்பாள் பளபளவென்று இருந்தது. வெளியே கபாலி விடாமல் தட்டிக்கொண்டிருந்தான்.

நீரஜாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்று மாதம் வக்கீல் வீட்டுக்கு நடையாய் நடந்தது, பலகையைக் கழற்றினது, உண்டியலைப் பரணில் ஏற்றினது, அத்தனையும் ஒரு நொடியில் தங்கள் வாயாலேயே பாழாக்கிக்கொண்டார்களே! இந்த ஜென்மங்களை வைத்துக்கொண்டு ஒரு பொய்யைக்கூட உருப்படியாகச் சொல்ல முடியாது. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. சிரித்துக்கொண்டே எழுந்து வாசலுக்கு நடந்தாள்.

"அம்மா, திறந்தா கேஸ் போச்சு" என்றார் வக்கீல்.

"தெரியும் சார். சோறும் ஆறிப்போச்சு. ரெண்டுல எதையாவது ஒண்ணைக் காப்பாத்துவோம்."

தாழ்ப்பாள் புதிதல்லவா, இறுகிக் கிடந்தது. இழுத்ததில் அவள் விரல் நசுங்கியது. கதவு திறந்ததும் வெயிலும் புழுதியும் ஜனமும் சேர்ந்து உள்ளே வந்தன. "அய்ய, நல்லாத்தான கீறீங்க அல்லாரும்" என்று எல்லோரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, கபாலி நேராக சாம்பார் வாளியைத் தூக்கப் போனான்.

முதல் இலையில் அந்த அதிகாரிதான் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் சாப்பிடக் கூடாது என்று முதலில் மறுத்தாள். முன்னால் நின்ற குழந்தைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைத் தூணோரம் வைத்தாள். அவள் ஒரு வாய் எடுத்து வைத்ததும் கூடம் மொத்தமும் இலையில் பாய்ந்தது. கை கழுவிவிட்டு வந்தபோது குருபிரசாத் மரியாதையாகக் கேட்டார், அவளும் வர்ஷினி என்று சொன்னாள். கிளம்பும்போது நீரஜாவிடம் தயங்கி நின்றாள்.

"மேடம், நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். இது பொது இடம்தான்."

"எழுதும்மா. பொது இடம்தான். அதைச் சொல்லத்தான் எங்களுக்குப் பயம்."

எழுதினாள். வேலை மளமளவென்று நடந்தது. அடுத்த குருபூசைக்குள் மடத்துக்கு ஒரு செயல் அலுவலர் வந்துவிட்டார், கணக்கு வந்தது, கடைகளின் வாடகை ஏறியது, கூடத்துக்கு வெள்ளையடித்தாயிற்று. சாமி சொன்ன வாசகமும் வெள்ளைக்கு அடியில் போய்விட்டது. பின்கட்டு அலுவலகமாகிவிட்டது. நியாயமாகச் சொன்னால் உண்டியல் கணக்கு இப்போது ஒழுங்காகத்தான் இருந்தது. அண்ணன் அதை பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்த லட்சணம் நீரஜாவுக்குத் தெரியாதா என்ன.

குருபூசை அன்று குருபிரசாத் வர மாட்டேன் என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டார். சுந்தரராமன் அவருக்குத் துணையாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு மனு போட்டுக் குடும்பத்தை ஒன்று சேர்த்துவிட்டார், நல்ல மனுஷர். நீரஜா மட்டும் கபாலியின் ஆட்டோவில் போய் இறங்கினாள்.

கதவு அகலத் திறந்திருந்தது. புதுப் பலகை, முன்னதைவிடப் பெரிது: அன்னதானம், அனைவரும் வருக. அதற்குக் கீழே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு ஊழியர், மேசைக்கு முன்னால் வாசல் தாண்டி வளைந்து போன வரிசை. அன்றைக்குத்தான் அவர் வேலையில் சேர்ந்திருப்பார் போல, வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. முதல் டோக்கனை எடுத்து வைத்துக்கொண்டு, ஜனம் ஒதுங்கி வழிவிட்டதில் வரிசையின் தலைக்கு வந்துவிட்ட நீரஜாவை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"பேரு? போன் நம்பர்? ஓ.டி.பி வரும், அதைச் சொன்னாத்தான் டோக்கன்."

சோற்றுக்கு ஓ.டி.பி! அவளுக்கு உச்சியில் ஏறியது. "பேரை சாப்பிட்டப்புறம் சொல்றேன்."

"அப்படியெல்லாம் முடியாதும்மா. பேர் இல்லாம யாருக்கும் இலை போடக் கூடாதுன்னு உத்தரவு."

"இங்க பேர் கேட்டா இலை போடக் கூடாதுன்னு ஒரு உத்தரவு இருந்துது. உங்க உத்தரவைவிட அதுக்கு வயசு அதிகம்."

"அம்மா, காலையிலேருந்து என் உயிரை எல்லாரும் வாங்கறீங்க. ஒரு பேரைச் சொல்றதுல என்ன கஷ்டம்?"

பின்னாலிருந்து கபாலி முன்னால் வந்தான். "யோவ், இவங்க யாருன்னு தெரியாமயா பேசிக்கினு கீற? இவங்கதான்யா..."

"கபாலி! சொல்லாதே!"

அவள் போட்ட கத்தலில் வரிசையே திரும்பிப் பார்த்தது. கபாலி திறந்த வாயோடு நின்றான். மேசையைப் பார்த்தான், உள்ளே காலியாகக் கிடந்த முதல் இலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

"எனக்கும் தெரியாது சார். வர்ற வழில கைய காட்னாங்க, ஏத்திக்கினு வந்தேன். யாரோ, எவரோ." அடுத்து வரிசையைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். "இன்னாபா, இந்த அம்மாவ யாருக்காச்சும் தெரியுமா?"

அந்த வரிசையில் பாதிப் பேருக்கு அவளைப் பிறந்ததிலிருந்து தெரியும். அவள் கையால் பாயசம் வாங்கிக் குடித்தவர்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு கிழவி மட்டும், "தெரியாது சாமி, பாத்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஊழியர் கையெடுத்துக் கும்பிட்டார். "போய் உட்காருங்கம்மா. போங்க. சாப்பிட்டு வந்தாவது சொல்லித் தொலைங்க."

நீரஜா உள்ளே போனாள். எத்தனையோ குருபூசைகளில் அந்தக் கூடத்தில் அவள் பரிமாறியிருக்கிறாள், எல்லோரும் எழுந்த பிறகு கடைசிப் பந்தியில் உட்கார்ந்து ஆறின சோற்றைச் சாப்பிட்டிருக்கிறாள். முதல் இலையின் பக்கம் அந்த வீட்டு ஆள் யாரும் உட்கார்ந்ததில்லை, உட்காரவும் முடியாது. பேர் தெரியுமே. இன்று அவள் போய் உட்கார்ந்தாள். சோறு சூடாக விழுந்தது. முதல் வாயை எடுத்து வைத்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பரிமாற வந்தவன், "காரமாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்றாள். வேறென்ன சொல்வது அவனிடம்?

கபாலி வரிசையைப் பார்த்து, "மொத இல ஆச்சு, வாங்கபா" என்று கையைக் காட்டினான். ஊழியர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பாதி வரிசை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

கை கழுவிவிட்டு அவள் மேசைக்கு வந்தாள். சொன்ன சொல் தவறக்கூடாது அல்லவா.

"இப்பக் கேளுங்க."

"பேரு?"

"நீரஜா."

"முகவரி?"

கோபாலபுரம் என்றுதான் வாய் வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, மடத்தின் கதவு எண்ணையும் சந்தின் பேரையும் சொன்னாள். அவர் பாதி எழுதிவிட்டு நிறுத்தினார். தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார்.

"அம்மா, அது இந்த இடம்."

"ஆமாம்ப்பா. எழுதிக்கோ." செருப்பை மாட்டிக்கொண்டாள். "சமையல்காரர்கிட்ட சொல்லு, ரசத்துல உப்பு போதலை."